புதுப் புத்தகம் தேட பதிவு எண்ணைப் பாருங்கள்

தருமபுரி மாவட்ட மைய நூலகமோ ஊர்க் கிளை நூலகமோ, புதிதாக வந்த நாவலும் கட்டுரை நூலும் வேண்டுமென்றால் அட்டையை விடுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முத்திரைக்குள் பேனாவால் எழுதியிருக்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். புத்தகம் வந்து சேரும் வரிசையில்தான் அந்த எண்ணைப் போடுவார்கள். எண் பெரிதென்றால் பிந்தி வந்தது. புதுவரவு அலமாரியில் ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அப்புறம் மற்ற அடுக்குகளைப் புரட்டினால், பழைய நூல்களுக்கு நடுவே ஒடுங்கியிருக்கும் புதுசு சட்டென்று சிக்கும். இரவல் தேதியைக் குறிக்க உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டும் வெறுமையாக இருந்தால், முதல் வாசகர் நீங்கள்தான். அந்தச் சந்தோஷமே தனி.

நன்கொடையாக வந்த நூல்களுக்கு இது செல்லாது. 1985இல் அச்சான புத்தகத்துக்கும் எண் புதிதாக இருக்கும். பதிப்பாண்டையும் பார்த்துவிடுங்கள். தேதிச் சீட்டை மட்டும் நம்ப வேண்டாம், நிரம்பினால் வேறு ஒட்டுவார்கள்.