பழைய ஜிடிஎக்ஸ் 1060 ஓவர்கிளாக் ஏறமாட்டேங்குதா? எங்க முட்டுதுன்னு மொதல்ல பாருங்க

ஓவர்கிளாக்னு, அதாவது கிராபிக்ஸ் கார்ட கம்பெனி வச்ச வேகத்துக்கு மேல ஓட்டலாம்னு, கோர் கிளாக்க (சிப்பு ஓடுத வேகம்) +150 மெகாஹெர்ட்ஸ் வச்சதும் கேம் கிராஷ் ஆவுது, கார்டு போச்சா அண்ணாச்சின்னு கேக்குத தம்பிமாருக்காக இத எழுதுதேன். கார்டு போகல. அது ஏதோ ஒரு லிமிட்ல போயி முட்டுது, எந்த லிமிட்டுன்னு தெரியாம ஸ்லைடர மட்டும் தள்ளிக்கிட்டே இருந்தா ஒண்ணும் ஏறாது. என்கிட்ட இருக்கது 2016ல வந்த 6 ஜிபி 1060. பாளையங்கோட்டையில மொட்டமாடிக்கு நேர் கீழ உள்ள ரூம், ஏசி கிடையாது, அதனால இங்க சொல்லுதது எல்லாம் நம்ம வெயிலுக்கு ஒத்துவர்ற கணக்கு. அமெரிக்காக்காரன் வீடியோல +200 போட்டு ஓட்டுதான்னு நீங்களும் போடாதீங்க.

1. கிளாக்க மாத்த எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், கார்டு நெலமைய பாக்க ஜிபியு-இசட், டெஸ்ட் ஓட்டி ஸ்கோர் பாக்க யூனிஜின் சூப்பர்பொசிஷன், இந்த மூணு சாஃப்ட்வேர் போதும். ஆஃப்டர்பர்னர எம்எஸ்ஐ சைட்லேருந்து மட்டும் எறக்குங்க, அதே பேர்ல போலி சைட்டு நெறைய சுத்துது. கார்டோட வந்த கம்பெனி ஆப் இருந்தா தூக்கிருங்க, ரெண்டு சாஃப்ட்வேர் ஒரே கிளாக்க மாத்துனா எது செட் ஆச்சுன்னே தெரியாது.

2. ஒண்ணையும் தொடாம டெஸ்ட்ட ஒரு தடவ ஓட்டி ஸ்கோர், கிளாக், சூடு மூணையும் எழுதி வச்சுக்கிடுங்க.

3. இதான் முக்கியமான இடம், எனக்கும் ரொம்ப நாளா பிடிபடாம கெடந்தது இதான். ஜிபியு-இசட்ல சென்சார்ஸ் டேப்ல 'பெர்ஃப்கேப் ரீசன்'னு ஒரு வரி ஓடும். கிளாக் ஏன் இதுக்கு மேல போகலன்னு கார்டே சொல்லுத இடம் அது. டெஸ்ட் ஓடும்போது 'பவர்'னு காட்டுனா கரண்ட் லிமிட். 1060க்கு என்விடியா சொன்னது 120 வாட், கார்டுக்கு வர்ற 6 பின் வயர்ல 75, மதர்போர்டு ஸ்லாட்ல 75, ஆக மொத்தமே 150தான், அதனால பவர் லிமிட் ஸ்லைடர முழுசா தள்ளுனாலும் பெருசா கெடைக்காது. 'வி-ரெல்'னு காட்டுனா வோல்டேஜ் லிமிட், அது நல்ல ஆரோக்கியமான நெலம, பயப்படாதீங்க. 'தெர்மல்'னா சூடு. 'யூட்டில்'னா கார்டுக்கு வேலையே பத்தலன்னு அர்த்தம், உங்க பழைய பிராசஸர்தான் பின்னாடி நிக்குது, அங்க கார்ட ஓவர்கிளாக் பண்ணி ஒரு எஃப்பிஎஸ் (கேம்ல செகண்டுக்கு வர்ற ஃபிரேம்) கூட ஏறாது.

4. சூடு. இந்த கார்டு 83 டிகிரில கிளாக்க கட் பண்ணும்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே, சூடு ஏற ஏற 13 மெகாஹெர்ட்ஸ் 13 மெகாஹெர்ட்ஸா எறங்கிக்கிட்டே வரும். 1060 சேர்ந்த பாஸ்கல் தலமொற கார்டு எல்லாமே அப்படித்தான். ஆடி காத்துல நம்மூர்ல வீட்டுக்குள்ள வர்ற தூசி ஹீட்சிங்க் இடுக்குல போயி அடைஞ்சு கெடக்கும். பிரஷ் வச்சு எடுங்க, ஃபேன் சுத்தாம விரலால பிடிச்சுக்கிட்டு புளோயர் அடிங்க. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவுல உள்ள தெர்மல் பேஸ்ட் காஞ்சுபோயிருக்கும், எம்எக்ஸ்-4 பேஸ்ட் போடுங்க, வெல கம்மின்னு ஊர் பேர் தெரியாத வெள்ள பேஸ்ட் வாங்காதீங்க.

5. இப்பதான் கிளாக்கு. என் அபிப்ராயம், நம்ம ஊர் சூட்டுக்கு வோல்டேஜ கூட்டுததவிட கொறைக்குததுதான் வழி. ஆஃப்டர்பர்னர்ல கண்ட்ரோல் எஃப் அழுத்துனா, எந்த வோல்டேஜுக்கு எந்த கிளாக்னு காட்டுத கர்வ் வரும். மொதல்ல கோர் கிளாக்க -200 வச்சு மொத்த கர்வையும் கீழ எறக்குங்க, அப்புறம் 950 மில்லிவோல்ட் புள்ளிய மட்டும் 1911 மெகாஹெர்ட்ஸுக்கு தூக்கி அப்ளை குடுங்க, அதுக்கு வலது பக்கம் எல்லாம் தட்டையா ஆயிரும். ஒரு விசயம், இத கார்டு சூடா இருக்கும்போது செய்யணும். குளுந்து கெடக்கும்போது வச்ச புள்ளி, சூடானதும் ஒண்ணு ரெண்டு படி எறங்கிரும், அப்புறம் நான் வச்சது ஒண்ணு ஓடுதது ஒண்ணுன்னு குழம்புவீங்க. டெஸ்ட்ட ஒரு பத்து நிமிசம் ஓடவிட்டு, அது ஓடிக்கிட்டு இருக்கும்போதே வைங்க. எல்லா கார்டும் 1911 தாங்காது, தாங்கலன்னா ஒரு படி கொறைங்க.

6. மெமரி. ஆஃப்டர்பர்னர்ல மெமரி கிளாக் 4000 சொச்சம் மெகாஹெர்ட்ஸ் காட்டும். 100 100ஆ கூட்டுங்க, ஒவ்வொரு தடவயும் ஸ்கோர பாருங்க. கிராஷ் ஆகல, ஸ்கிரீன்ல புள்ளி புள்ளியா வரலன்னு கூட்டிக்கிட்டே போகாதீங்க, ஸ்கோர் எறங்க ஆரம்பிச்ச இடத்துக்கு முன்னாடி நின்னுக்கிடணும்.

கடைசி டெஸ்ட்ட மத்தியானம் ரெண்டு மணிக்கு ஓட்டுங்க, சித்திர வைகாசில. சாரல் காலத்துல ராத்திரி பாஸ் ஆனது எல்லாம் பாஸே கிடையாது.

அப்டேட்: தெசயன்விளைலேருந்து ஒரு தம்பி, கேம் நல்லா ஓடுது, யூடியூப் பாக்கும்போதுதான் ஸ்கிரீன் கருப்பாவுதுன்னு எழுதிருந்தாரு. அவரு கர்வ விட்டுட்டு வெறும் +120 போட்டுருக்காரு. அப்படி மொத்தமா கூட்டுத ஆஃப்செட் போட்டா கம்மி வோல்டேஜ் புள்ளி எல்லாமும் சேர்ந்து ஏறும், லேசான வேலையில அதுதான் தாங்காம போவுது. 5ல சொன்ன மாதிரி வச்சா சரியாயிரும்.

இன்னொண்ணு: ஸ்கிரீன் கருப்பாகி திரும்பி வந்தா விண்டோஸ்ல உள்ள ஈவெண்ட் வியூவர்ல 4101ங்கிற நம்பர் இருக்கான்னு பாருங்க, இருந்தா டிரைவர் நின்னு எழும்பிருக்கு, கிளாக்க கொறைங்க. மொத்த சிஸ்டமும் டப்புன்னு ஆஃப் ஆனா கிளாக்க நோண்டாதீங்க, மொதல்ல எஸ்எம்பிஎஸ்ஸ (கம்ப்யூட்டருக்கு கரண்ட் குடுக்குத பவர் சப்ளை) மாத்திப் பாருங்க.