சிறுவயது நோய், வீட்டில் தசைப் பயிற்சி: நண்பர்களுடன் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தினமும் 30 ஸ்குவாட் போடுறேன், நீங்களும் போடுங்கண்ணே" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி எழுதுகிறார். அவருக்குச் சின்ன வயதில் வீசிங் இருந்தது. அதைப் படிக்கும் அண்ணனுக்கு இளம்பிள்ளைவாதத்தால் (போலியோவால்) ஒரு கால் மெலிந்துவிட்டது. இன்னொருவர் ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்து வளர்ந்தவர். அதே 30 இந்த மூன்று உடம்பிலும் மூன்று விதமாக வேலை செய்யும். தம்பிக்கு அது உடல் சூடேறத் தேவைப்படும் அளவுதான். அண்ணனுக்கோ அடுத்த இரண்டு நாள் படியேற முடியாமல் போகலாம்.

அதற்காகப் பகிராமல் இருக்க வேண்டியதில்லை. காலிபர் (காலைத் தாங்கும் உலோகக் கவசம்) போட்ட காலோடு சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து காய்கறிப் பையைத் தூக்கி வருவது எப்படி என்று அதே நிலையில் இருக்கும் ஒருவர் சொன்னால்தான் சரியாகத் தெரியும். உடம்பின் கதையை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பகிர்வதுதான் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

போலியோ வந்தவருக்கு "இன்னும் கொஞ்சம்" என்று சொல்வது

சிங்கப்பூரில் 1958இல் போலியோ வேகமாகப் பரவியது. அப்போது குழந்தையாக இருந்தவர்கள் இன்று முதியவர்கள். தமிழ்நாட்டில் பிறந்து, போலியோவோடு வளர்ந்து, வேலைக்காக இங்கு வந்தவர்களில் நடுவயதினரும் உண்டு. இவர்களிடம் "வலிச்சாத்தான் தசை வளரும்" என்று சொல்வது நல்லெண்ணத்தில் செய்யும் பெரும் தீங்கு.

காரணம் இதுதான். தசையை இயக்கும் நரம்பணுக்களில் ஒரு பகுதியைப் போலியோ அழித்துவிடுகிறது. தப்பிய நரம்பணுக்கள் புதுக் கிளைகளை விட்டு, நரம்பு இழந்த தசை நார்களையும் சேர்த்துக்கொள்கின்றன. அதனால்தான் நோய்க்குப் பிறகு ஓரளவு பலம் திரும்புகிறது. ஆனால் ஒரே நரம்பணு பல மடங்கு வேலையைப் பல பத்தாண்டுகள் சுமக்கிறது. களைப்பின் எல்லைவரை அந்தத் தசையை வேலை வாங்கினால் பலம் கூடுவதற்குப் பதில் குறையலாம். குணமாகிக் குறைந்தது 15 ஆண்டுகள் கழிந்தபின் புதிதாகப் பலவீனம், களைப்பு, வலி தோன்றும் நிலையும் உண்டு. அதைச் சோம்பல் என்றோ வயசு என்றோ சொல்லித் தள்ளிவிடக் கூடாது.

கை அல்லது காலை அதன் சொந்த எடைக்கு எதிராகவே தூக்க முடியவில்லை என்றால் அதில் எடை கட்டக் கூடாது. தூக்க முடிகிற தசைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயிற்சி போதும். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை எடுத்துக்கொள்வோம். சுவரோடு ஒட்டிய, சக்கரம் இல்லாத நாற்காலி வேண்டும். இருக்கையின் உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். எழச் சிரமமாக இருந்தால் மேலே கெட்டியான மெத்தையைப் போட்டு உயர்த்துங்கள், பயிற்சி எளிதாகும். முதலில் 5 முறை, 2 நிமிடம் ஓய்வு, மீண்டும் 5 முறை. "இன்னும் நாலைந்து முடியும்" என்ற நிலையிலேயே நிறுத்திவிடுங்கள். அன்றிரவு தசை துடித்தாலோ, சுளுக்கிப் பிடித்தாலோ, மறுநாள் காலையில் வழக்கமான நடை கனத்தாலோ, அளவு கூடிவிட்டது என்று பொருள். அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும்.

நல்ல கைதானே என்று தோள்பட்டைக்குப் புஷ்அப் பரிந்துரைப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஊன்றுகோலையோ சக்கர நாற்காலித் தள்ளுவளையத்தையோ பல ஆண்டுகள் தள்ளிய தோள் ஏற்கெனவே நாள் முழுக்கப் பயிற்சியில்தான் இருக்கிறது. அதற்கு வேண்டியது ஓய்வும், பின்பக்கத் தோள் தசைக்கு லேசான ரப்பர் பட்டை இழுப்பும். இன்னொன்று: போலியோ பாதித்த கால் எளிதில் சில்லிட்டுப்போகும், சில்லிட்டால் இன்னும் தளரும். குளிர்சாதனம் ஓடும் அறையில் பயிற்சி செய்தால் நீண்ட காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குழுவில் எழுதும்போது இந்த மாதிரி எழுதலாம்: "3 வயதில் போலியோ, வலது கால். காலிபர் போட்டுக்கொண்டு செய்தேன். நாற்காலி 45 செ.மீ., மேலே ஒரு மெத்தை, கையால் லேசாகப் பிடித்துக்கொண்டேன். 5 முறை, 2 நிமிட ஓய்வு, 5 முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரவு துடிப்பு இல்லை, காலையில் நடை வழக்கம்போல." படிப்பவர் இதை வைத்துத் தன் உடம்புக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பிரித்துப் பார்க்க முடியும். கடைசி வாக்கியம்தான் மிக முக்கியம். பெரும்பாலானோர் விட்டுவிடுவதும் அதையே.

ஆஸ்துமா: முடித்ததும் "ஒண்ணும் ஆகலை" என்று எழுதிவிடுவது

பயிற்சியால் வரும் இழுப்பு பல நேரம் பயிற்சியை நிறுத்திய 5 முதல் 10 நிமிடத்தில்தான் தலைகாட்டும். எனவே கால் மணி நேரமாவது கழித்தே நிலைமையை எழுதுங்கள். ஓய்வு விட்டுச் செய்யும் எடைப் பயிற்சி ஓட்டத்தைவிட மூச்சுக்குழாயை உறுத்துவது குறைவு. ஆனால் ஐந்தாறு பயிற்சிகளை ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்து செய்தால் அதுவும் ஓட்டத்துக்குச் சமம்தான். எது செய்தாலும் முதல் 10 நிமிடம் மெல்லச் சூடேற்றுங்கள். நேராகக் குளிர்காற்று வீசும் இடத்தில் நின்று செய்யாதீர்கள், குளிர்ந்த வறண்ட காற்று குழாயைச் சுருக்கும்.

புகைமூட்டக் காலத்தில் காலையில் பார்த்த 24 மணி நேர பிஎஸ்ஐ (காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு) எண்ணை வைத்து மாலையில் அடுக்குமாடி புளோக் கீழே உள்ள உடற்பயிற்சி மூலைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்த எண் கடந்த ஒரு நாளின் சராசரி. இப்போது வெளியே போகலாமா என்பதற்கு 1 மணி நேர பிஎம் 2.5 (காற்றிலுள்ள நுண்துகள்) அளவைப் பார்க்க வேண்டும்.

மூச்சிரைப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலரை நண்பருக்குக் கொடுத்து "ரெண்டு பஃப் இழுத்துட்டு செய்" என்று சொல்லக் கூடாது. பயிற்சிக்கு முன் எடுப்பதா, எத்தனை என்பதை அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூச்சிரைப்புக்காக வாரத்தில் இரண்டு முறைக்கு மேல் அது தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை. பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் பலதுறை மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

புற்றுநோய் சிகிச்சை, இதயக் கோளாறு: "எல்லாம் பழைய கதை" என்பது

டாக்ஸோரூபிசின், டௌனோரூபிசின் போன்ற கீமோ மருந்துகள் இதயத் தசையைப் பாதிக்கக்கூடியவை. பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். சிறுவர் மருத்துவமனையிலிருந்து பெரியவர்களுக்கான சிகிச்சைக்கு மாறிய பலருக்குத் தாங்கள் எடுத்த மருந்தின் பெயரே தெரியாது. மருந்துகளும் மொத்த அளவும் எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள். கனமான எடையைத் தொடும் முன் இதய எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) தேவையா என்று கேளுங்கள். ஸ்டீராய்டு நிறைய எடுத்தவருக்கு ஸ்குவாட்டில் இடுப்பு மடிப்புப் பக்கம் வலித்தால், "தசை வலி, போயிடும்" என்று குழுவில் ஆறுதல் சொல்லாதீர்கள். எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்ததன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

ருமாட்டிக் காய்ச்சல், கவாசாகி (குழந்தைகளின் ரத்தக் குழாய்களில் வரும் அழற்சி நோய்), இதயத்தில் ஓட்டை எனச் சிறுவயதில் இதயம் சம்பந்தப்பட்ட எதுவாயினும், மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதைத் தவிர்க்க வேண்டும். ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினால் மூச்சு தானே வெளியேறும்.

சாமான்கள்

1.5 லிட்டர் தண்ணீர் பாட்டில் 1.5 கிலோ எடை. தொடக்கத்துக்கு அது போதும். 5 கிலோ அரிசிப் பையை வியர்த்த கையால் தூக்காதீர்கள், வழுக்கும். ரப்பர் பட்டையை வெயில் படும் ஜன்னலோரம் தொங்கவிட்டால் வெடிப்பு விழும். ஒவ்வொரு முறையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். பிறவியிலேயே முதுகுத்தண்டுப் பிளவு இருந்து பல அறுவை சிகிச்சைகள் செய்தவர்களுக்கு லேட்டெக்ஸ் ஒவ்வாமை அதிகம். அவர்களுக்கு லேட்டெக்ஸ் இல்லாத பட்டையே வேண்டும். ஓட்டுத் தரையில் காலுறையோடு மட்டும் நிற்காதீர்கள்.

குழுவில் போடக் கூடாதவை

அடையாள அட்டை எண் தெரியும் மருத்துவ அறிக்கைகளைப் படமெடுத்துப் போடாதீர்கள். அடுத்தவரின் நோயை அவர் அனுமதியில்லாமல் சொல்லாதீர்கள், அவர் உங்கள் சொந்தத் தங்கையே ஆனாலும். அம்மா சொன்ன "ஏதோ காய்ச்சல்" என்ற நினைவை நோயின் பெயராக்கி எழுத வேண்டாம், பழைய சுகாதாரப் புத்தகத்தையோ மருத்துவக் கடிதங்களையோ தேடிப் பாருங்கள். "நான் மருந்தை நிறுத்திட்டேன், பயிற்சியே போதும்" என்று யாராவது எழுதினால் குழுவை நடத்துபவர் உடனே தலையிட வேண்டும்.

பயிற்சியின் நடுவே நெஞ்சுவலி, மயக்கம், இன்ஹேலர் எடுத்தும் ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் குழுவில் கேட்டுக்கொண்டிருக்காமல் சிங்கப்பூரின் அவசர ஆம்புலன்ஸ் எண் 995ஐ அழையுங்கள். பேச்சு குழறும் முன்பே முகவரி, புளோக் எண், மாடி எண் மூன்றையும் சொல்லிவிட்டு, முடிந்தால் வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு உட்காருங்கள்.