செல்ஃப் மோட்டாரைக் கழற்ற முன்

செல்ஃப் மோட்டார், அதாவது பட்டனை அழுத்தினால் எஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார், வேலை செய்யாவிட்டால், பைக் வேலை பழக வரும் பிள்ளைகள், நான் பழகிய காலத்தில் ஆடிய அதே கூத்தைத்தான் வரிசையாக ஆடுகிறார்கள். நியூட்ரலில் போடு, ஃபியூஸைப் பார் என்பதெல்லாம் சொல்லத் தேவையில்லை. காசைக் கரைக்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

'டக்' என்றதும் புது மோட்டார் வாங்குவது

பட்டனை அழுத்தினால் ஒரு 'டக்', எஞ்சின் அசையவில்லை, உடனே பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளுக்கு ஓட்டம். இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வரும். தெமட்டகொடைத் தம்பி ஒருவர் அப்படித்தான் புது மோட்டார் வாங்கிப் போட்டு, பிறகும் அதே 'டக்' கேட்டு, கடைக்காரர் எலெக்ட்ரிக் சாமான் திருப்பி எடுக்கமாட்டேன் என்றுவிட, பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். பழுது என்ன தெரியுமா? பற்றரியின் நெகட்டிவ் வயர் எஞ்சினில் பூட்டும் இடத்தில் துரு. சுரண்டி இறுக்கியதும் பழைய மோட்டாரே சுற்றியது.

'டக்' என்றால் மோட்டாருக்குக் கரண்டைக் கொடுக்கும் சுவிட்ச், அதாவது ரிலே, இழுக்கிறது, அவ்வளவுதான். வோல்ட் அளக்கும் மீற்றரை எடுங்கள். சும்மா நிற்கும்போது நல்ல பற்றரி 12.6 வோல்ட்டுக்குக் கிட்டக் காட்டும். பட்டனை அழுத்தும்போது 9.5க்குக் கீழே விழுந்தால் முதலில் பற்றரியைச் சார்ஜ் போட்டுப் பாருங்கள். விழவில்லையா, அப்போ பட்டனை அழுத்தியபடியே பற்றரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடலுக்கும் நடுவே அளந்து பாருங்கள்; அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்த நெகட்டிவ் (எர்த்) வயரில்தான் கோளாறு. ரிலேயின் இரண்டு தடித்த முனைகளுக்கு நடுவிலும் இதே சோதனை, அதுவும் அழுத்திய நிலையில் மட்டும். இவை சரியாக இருந்து, மோட்டார் முனைக்கு முழு வோல்ட்டும் வந்து, அது சுற்றவில்லை என்றால் சரி, இப்போது கழற்றலாம்.

மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் சுற்றவில்லை

மோட்டாரின் சுற்றலை எஞ்சினுக்குக் கொடுக்கும் ஸ்டார்ட்டர் கிளட்ச்தான் பழுது. மோட்டாரைத் தொடாதீர்கள்.

சுத்தியலால் தட்டுவது

உள்ளே காந்தம் இருக்கிறது. அதில் வெடிப்பு விழுந்தால் முடிந்தது.

காபன் தேய்ந்ததற்கு முழு மோட்டாரையும் எறிவது

காபன் என்றால் மோட்டாருக்குள் உரசியபடி கரண்டைக் கொடுக்கும் கரித்துண்டு; பல மொடல்களுக்கு அது தனியாகவே கிடைக்கும். அது உரசும் செப்பு வளையமான கம்யூட்டேட்டரைத் துடைத்து, செப்புக் கீற்றுகளுக்கு இடையில் அடைத்திருக்கும் கரித்தூளையும் எடுத்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். வெல்லம்பிட்டிப் பக்கம் வெள்ளத்தில் நின்ற பைக் என்றால் உள்ளே சேறும் துருவும் இருக்கும், அதையும் பாருங்கள். உண்மையிலேயே முழுசாக மாற்றத்தான் வேண்டும் என்றால் பழையதைக் கையோடு கொண்டுபோய்ப் மோட்டார் தண்டின் பல்லை எண்ணி ஒப்பிட்டு வாங்குங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் வரும் பைக்கிலும் மொடலுக்கு மொடல் மாறும்.

பூட்டும்போது

கழற்றும்போது முதலில் பற்றரியின் நெகட்டிவ் வயர், பூட்டும்போது அது கடைசி. மோட்டார் முனை நட்டை இறுக்கும்போது கீழ் நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடியுங்கள். போல்ட் சேர்ந்து திரும்பினால் உள்ளே இன்சுலேஷன் உடைந்து, புது மோட்டாரே ஷோர்ட் ஆகும். மோட்டாரில் வரும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) புதிது போட்டு, அதில் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும்போது ஐந்து விநாடிக்கு மேல் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டாம்.