பாங்காக்கில் கோயிலும் கால்வாயும் ஒரே நாளில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாங்காக்கில் வழிகாட்டியோடு ஒரு நாள் சுற்றுகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ஐந்தாறு கோயில்களை அடுக்கிக்கொண்டு கால்வாய்க்குக் கடைசி அரை மணி நேரத்தை ஒதுக்குவது. கால் கடுக்க நடந்தபின் படகில் ஏறினால் கண்தான் சொருகும். மூன்று கோயில்கள் போதும்.

மன்னரின் பெரிய அரண்மனைக்கும் எதிர்க்கரையின் வாட் அருண் கோயிலுக்கும் நடுவே அகன்று ஓடும் சாவோ பிரயா ஆறு, அந்த இடத்தில் மனிதர் வெட்டியது. 16ஆம் நூற்றாண்டில் அயுத்தயா மன்னர் சாய்ராசா, கப்பல்கள் சுற்றிவருவதைத் தவிர்க்க அங்கே குறுக்கே கால்வாய் தோண்டினார். நாளடைவில் ஆறே அதற்குள் புகுந்துவிட்டது. பாங்காக் நோய், பாங்காக் யாய் என்ற இன்றைய கால்வாய்கள்தான் பழைய ஆற்றின் வளைவு. அந்த வளைவைச் சுற்றி வராமல் திரும்புவது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

ஆகவே வரிசையை மாற்றச் சொல்லுங்கள். காலை 8:30க்கு அரண்மனை திறந்ததும் அதன் வளாகத்துக் கோயிலில் மரகத புத்தரைத் தரிசித்துவிடுங்கள். வெயில் ஏறியதும் தா சாங் படித்துறையில் படகு பிடித்து, பாங்காக் நோய் வழியாக நுழைந்து பாங்காக் யாய் வழியாக வெளியே வந்தால், வாட் அருண் அருகிலேயே இருக்கும். வழியில் 69 மீட்டர் உயர வாட் பாக்நாம் கோயில் புத்தர் கூரைகளுக்கு மேலே தெரிவார். மதகுகளில் படகு காத்திருக்க நேரலாம். அதற்கும் நேரம் விடுங்கள்.

வாடகை ஆளுக்கா படகுக்கா, எத்தனை மணி நேரம், எந்தக் கால்வாய்கள், எங்கே இறக்கிவிடுவார்கள் என்பதை ஏறுமுன் பேசி முடியுங்கள். தாலிங் சான் மிதக்கும் சந்தை சனி, ஞாயிறுகளில்தான் களைகட்டும். வார நாளில் அதை நம்பிப் போகாதீர்கள்.

“இன்று அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்” என்று வழியில் ஒருவர் அன்பாகச் சொன்னால் நிற்காமல் நடங்கள். அந்தப் பயணம் பெரும்பாலும் நகைக்கடையில்தான் முடியும். தோளும் முழங்காலும் மூடிய உடை கட்டாயம். புடவை என்றால் கை வைத்த ரவிக்கை நல்லது. சன்னதியில் புத்தரை நோக்கிக் கால் நீட்டக்கூடாது. பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது.

வாட் அருணைத் தொலைவிலிருந்து படமெடுத்துவிட்டு நகர்வதும் தவறுதான். சூரியனின் தேரோட்டியான நம் அருணனின் பெயர்தான் அதற்கு. கோபுரத்தின் அருகே போய்ப் பாருங்கள்: தூரத்தில் பூவேலையாகத் தெரிந்தது, சீனத் தட்டுகளும் கிண்ணங்களும் உடைந்த துண்டுகள். தட்டின் விளிம்பு இதழாக வளைந்திருக்கும், நீலக்கோடுகூட அழியாமல். தலைநகர் 1782இல் அக்கரைக்கு மாறுவதற்குமுன், காலையில் நீங்கள் பார்த்த மரகத புத்தர் இருந்ததும் இங்கேதான்.

மாலையில் படகில் ஆற்றைக் கடந்து வாட் போ கோயிலுக்கு வாருங்கள். 46 மீட்டர் நீளச் சயன புத்தரின் முகத்தோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். பாதம்வரை நடங்கள், உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்த 108 மங்கலச் சின்னங்கள் இருக்கின்றன. பின்புறம் 108 வெண்கலக் கிண்ணங்களில் ஆட்கள் ஒவ்வொன்றாகக் காசு போட்டபடி நகர்வார்கள். அந்தக் கிணுகிணுப்பு மண்டபம் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.