ஜெய்ப்பூர் சாம்ராட் யந்திரத்தில் மணி பார்க்கும் முறை

இரண்டாம் ஜெய்சிங் மன்னர் 18ஆம் நூற்றாண்டில் ஜெய்ப்பூரில் எழுப்பிய ஜந்தர் மந்தர் என்னும் வானாய்வுக்கூடத்தில், சுமார் 27 மீட்டர் உயரமுள்ள சூரியக் கடிகாரமான சாம்ராட் யந்திரமே மிகப் பெரிய கருவி. வெயில் தெளிவாக அடிக்கும் நாளில், முற்பகலாயின் அதன் நடுவிலுள்ள சாய்சுவருக்கு மேற்கிலும் பிற்பகலாயின் கிழக்கிலும் உள்ள வளைந்த அளவுகோலில் அச்சுவரின் நிழல் விளிம்பைத் தேடுங்கள். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம் (இதற்காகவே அங்கே போகலாம்). சூரியன் புள்ளியன்று, வட்டு என்பதால் விளிம்பு மங்கலாகத்தான் விழும். ஆகவே மங்கலின் நடுப்பகுதியைக் கணக்கில் கொள்ளுங்கள். கிடைப்பது உள்ளூர்ச் சூரிய நேரம். இந்தியத் திட்ட நேரத்துக்குரிய 82.5 பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேற்கே ஜெய்ப்பூர் இருப்பதால் சுமார் 27 நிமிடங்களைக் கூட்டி, பின்னர், சூரிய நேரம் ஆண்டு முழுதும் கடிகாரத்தோடு ஒரே சீராக ஓடாததால், நவம்பர் தொடக்கமெனில் ஏறத்தாழ 16 நிமிடங்களைக் கழித்தும், பிப்ரவரி நடுவெனில் 14 நிமிடங்களைச் சேர்த்தும் கைக்கடிகாரத்துடன் ஒப்பிடுங்கள்.