விமானம் கிடைச்சுட்டா விமானி கிடைச்ச மாதிரியா? போர்க்கால விபத்து இடங்கள்ல நடக்குற தவறுகள்

காட்டுக்குள்ளயோ கடலுக்கு அடியிலயோ இரண்டாம் உலகப்போர் விமானம் ஒண்ணு தட்டுப்பட்டுச்சுன்னு செய்தி வந்தா போதும், "காணாமப்போன விமானி 80 வருஷம் கழிச்சு கிடைச்சார்"னு அன்னிக்கே தலைப்பு போட்டுடுறாங்க. முதல் தவறு இது தான், மத்த தவறெல்லாம் இதுல இருந்து தான் கிளம்புது. கிடைச்சது விமானம். ஆள் கணக்கு தனி.

பிரெஞ்சு எழுத்தாளர் அந்துவான் த செந்த் எக்சுபெரி 1944 ஜூலை 31 அன்னிக்கு கோர்சிகா தீவுல இருந்து பி-38 லைட்னிங் விமானத்துல தனியா கிளம்பினார், திரும்பி வரல. 1998ல மார்செய் பக்கம் ஒரு மீனவர் வலையில அவர் பேர் பொறிச்ச வெள்ளி பிரேஸ்லெட் மாட்டுச்சு, அது போலின்னு கூட அப்போ பேச்சு கிளம்புச்சு, அப்புறம் 2003ல கடல்ல இருந்து மேல எடுத்த ஒரு பாகத்துல 2734னு நம்பர் இருந்துச்சு, லாக்ஹீட் கம்பெனி அந்த ஒரே ஒரு விமானத்துக்கு போட்ட நம்பர் அது, 2004ல உறுதி பண்ணிட்டாங்க. ஆனா அதுல அவரோட எலும்பு ஒண்ணு கூட இல்ல. அவர் ஓட்டின விமானம் இதுன்னு தைரியமா சொல்லலாம், அவர் கிடைச்சுட்டார்னு சொல்ல முடியாது.

இந்த நம்பர் விஷயத்துலயே நிறைய பேர் வழுக்குறாங்க. தகட்டுல ஒரு நம்பரைப் பாத்ததும் அது தான் விமானத்தோட நம்பர்னு நினைச்சுக்குறாங்க. பெரும்பாலும் அது பார்ட் நம்பர். பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரோட பாகங்கள்ல 300, 349, 361னு ஆரம்பிக்கிற நம்பருங்க இருக்கும், அது ஸ்பிட்ஃபயர், எந்த மாடலுக்காக டிசைன் பண்ண பாகம்னு தான் சொல்லும், அதே நம்பர் ஆயிரக்கணக்கான விமானத்துல இருந்திருக்கும். தனி விமானத்தைக் காட்டுறது சீரியல் நம்பர், இன்ஜின் நம்பர், மெஷின் கன் நம்பர் இதெல்லாம் தான். அமெரிக்காக்காரங்க 1943ல இருந்து காணாமப்போன விமானம் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரிப்போர்ட் எழுதி அதுல இன்ஜின் நம்பர், துப்பாக்கி நம்பர் வரைக்கும் போட்டு வெச்சாங்க, இன்னிக்கு அது தான் கை குடுக்குது. நெதர்லாந்துல மார்க்கர் ஏரிக்குள்ள கிடந்த ஸ்டிர்லிங் குண்டுவீச்சு விமானத்தை முதல்ல பிகே710னு தான் நினைச்சாங்க, அப்புறம் தான் அது பிகே716னு தெரிஞ்சுது. ஒரே ஒரு இலக்கம் தான் வித்தியாசம், ஆனா அந்த ஒரு இலக்கத்துல ஏழு பேரோட குடும்பம் மாறிப்போகுது.

அடுத்தது, விமானம் விழுந்த இடத்துலயே ஆளும் இருப்பார்னு முடிவு பண்றது. லேடி பி குட்னு ஒரு பி-24 விமானம், 1943 ஏப்ரல் 4 அன்னிக்கு நேபிள்ஸ் பக்கம் குண்டு போடப் போய் திரும்பல, மத்தியதரைக் கடல்ல விழுந்திருக்கும்னு ஃபைலை மூடிட்டாங்க. 1958ல லிபியா பாலைவனத்துல, கடற்கரையில இருந்து நூத்துக்கணக்கான கிலோமீட்டர் உள்ள தள்ளி அது கிடைச்சுது, ரேடியோ வேலை செய்யுது, பிளாஸ்க்ல காபி கூட அப்படியே இருக்கு, ஆனா ஒரு ஆள் இல்ல, ஒரு பாராசூட் இல்ல. ஒன்பது பேரும் எரிபொருள் தீரப்போகுதுன்னு முன்னாடியே குதிச்சுட்டாங்க. ஒருத்தர் குதிச்சப்பவே இறந்துட்டார், மத்தவங்க அரை பாட்டில் தண்ணியோட நூறு கிலோமீட்டருக்கு மேல வடக்கால நடந்திருக்காங்க, 1960ல தான் ஒன்பதுல எட்டு பேரோட உடல் கிடைச்சுது, நடந்தவங்கள்ல ஒருத்தர் இன்னும் கிடைக்கல. அதனால காக்பிட் காலியா இருந்தா தேடல் முடியல, அங்க இருந்து தான் ஆரம்பிக்குது. சீட் பெல்ட் பக்கிள் பூட்டியிருக்கா திறந்திருக்கா, பாராசூட் இழுக்குற வளையம் எங்க கிடக்கு, எல்லாமே சாட்சி.

அந்த சாட்சியைத் தான் ஆர்வக்கோளாறுல நாமளே அழிச்சுடுறோம். மண்வெட்டியோட இறங்கி பெரிய பெரிய பாகத்தைத் தூக்கிட்டு, மண்ணை ஓரமா கொட்டிடுறாங்க. தேட வேண்டியது அந்த மண்ணைத் தான். வேகமா தரையில மோதின விமானத்துல மிஞ்சுறது பெரும்பாலும் விரல் நகம் அளவு துண்டு, ஒரு பல், ஒரு ஜிப்போட கொஞ்சூண்டு பகுதி. முறையா தோண்டுறவங்க இடத்தை கயிறு கட்டி கட்டம் கட்டமா பிரிச்சு, ஒவ்வொரு பக்கெட் மண்ணையும் ஆறு மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடையில தண்ணி விட்டு அலசுவாங்க, எந்த கட்டத்துல எது வந்துச்சுன்னு எழுதிட்டே போவாங்க. எந்த இடத்துல கிடந்துச்சுன்னு தெரியாம கையில வந்து சேந்த பக்கிளுக்கு சாட்சி மதிப்பு பாதி போச்சு. பிரிட்டன்ல 1986ல வந்த சட்டப்படி ராணுவ விமானம் விழுந்த இடம் எதையும் லைசென்ஸ் இல்லாம தொடவே கூடாது. வெடிக்காத குண்டு இருக்கலாம், இருட்டுல ஒளிர்றதுக்காக டயல்ல பூசின ரேடியம் இருக்கலாம், அதனால உயிருக்கும் ஆபத்து.

டிஎன்ஏ எடுத்தா முடிஞ்சுதுன்னு நினைக்கிறதும் தப்பு. பழைய எலும்புல பெரும்பாலும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ தான் தேறும், அது தாய் வழியா மட்டும் இறங்குறது. அதாவது விமானியோட அண்ணன் பிள்ளை வந்து ரத்தம் குடுத்தா அந்த டெஸ்ட்டுக்கு உதவாது, அக்கா பிள்ளை குடுத்தா உதவும், தாய்மாமன் உறவு தான் இங்க கணக்கு. அதோட ஒரே மாதிரி மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ சம்பந்தமே இல்லாத பல பேருக்கு இருக்கும், அதனால பல், எலும்பு, இடம், பொருள்னு எல்லாம் சேந்து ஒரே ஆளைக் காட்டணும்.

இதுல என்னை ரொம்ப உலுக்கினது அமெரிக்க விமானி மைக்கேல் பிளாசி விஷயம். 24 வயசு, 1972 மே 11 அன்னிக்கு வியட்நாம்ல ஆன் லாக் பக்கம் அவரோட ஏ-37 போர் விமானம் சுடப்பட்டு விழுந்துச்சு. சில மாசம் கழிச்சு அங்க போன வீரர்கள் எடுத்துட்டு வந்தது வெறும் ஆறு எலும்பு: நாலு விலா எலும்பு, ஒரு மேல்கை எலும்பு, இடுப்பெலும்புல ஒரு பகுதி. கூடவே விமானி உடுப்பு துண்டு, ஒரு ஆள் மட்டும் மிதக்குற ரப்பர் படகு, அவரோட ஐடி கார்டு. அந்த கார்டு வழியிலயே காணாமப்போச்சு. ஆரம்பத்துல பிளாசியா இருக்கலாம்னு தான் பேர் எழுதி வெச்சாங்க. அப்புறம் லேப்ல எலும்பை அளந்து பாத்து வயசு, உயரம் ஒத்து வரல, ரத்த குரூப்பும் ஒத்து வரலன்னு 1980ல பேரையே எடுத்துட்டு எக்ஸ்-26னு ஒரு நம்பர் போட்டாங்க. ஆறு எலும்பை வெச்சு போட்ட உயரக் கணக்கை நம்பி, கூட வந்த படகையும் உடுப்பையும் ஒதுக்கிட்டாங்க. அந்த படகு ஒண்ணே இது ஹெலிகாப்டர்ல வந்த ஆள் இல்ல, இந்த மாதிரி விமானத்துல வந்தவர்னு சொல்லிட்டு இருந்துச்சு. 1984ல அமெரிக்காவோட ஆர்லிங்டன் ராணுவ மயானத்துல பேர் தெரியாத வீரர் கல்லறையில ஜனாதிபதி ரீகன் முன்னிலையில புதைச்சாங்க, தன் மகன் தான் உள்ள இருக்கான்னு அந்த தாய்க்கு யாரும் சொல்லல. 1998 மே மாசம் திறந்து இடுப்பெலும்புல டிஎன்ஏ எடுத்து அம்மாவோடயும் தங்கச்சியோடயும் ஒப்பிட்டுப் பாத்தப்ப தான் பேர் திரும்பி வந்துச்சு, ஜூலைல செயின்ட் லூயிஸ்ல அடக்கம் பண்ணாங்க. அவசரப்பட்டு பேர் வைக்கிறது எவ்வளவு கொடுமையோ, இருந்த பேரை ஒரு அளவுகோலை மட்டும் நம்பி எடுக்குறதும் அதே கொடுமை தான்.

அதனால காட்டுல, கடல்ல, வயல்ல அப்படி எதையாவது பாத்தீங்கன்னா போட்டோ எடுங்க, பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு எடுங்க, ஜிபிஎஸ் குறிச்சுக்கோங்க, எதையும் அசைக்காம போலீஸ்கிட்ட சொல்லுங்க. இடத்தை மட்டும் ஃபேஸ்புக்ல போட்டுடாதீங்க, அடுத்த வாரமே பொறுக்க வந்துடுவாங்க. குடும்பத்தைத் தேடிப் பிடிச்சு நீங்களே போன் பண்றதும் வேண்டாம், அந்த வீட்டுக்கு உறுதியான சேதி மட்டும் போகட்டும்.

2012ல எகிப்து சஹாராவுல மணல்ல உக்காந்திருந்த கிட்டிஹாக் விமானத்தை எல்லாரும் ஷேர் பண்ணாங்க, ஞாபகம் இருக்கலாம். 1942 ஜூன்ல பிரிட்டிஷ் விமானி டென்னிஸ் காப்பிங் ஓட்டிட்டுப் போனது, ஆள் உயிரோட இறங்கி பாராசூட்டை விரிச்சு நிழலுக்கு ஒதுங்கின அடையாளம் பக்கத்துலயே இருந்துச்சு. விமானத்தை எல் அலமைன் மியூசியத்துக்கு கொண்டு போய் பெயின்ட் அடிச்சு நிறுத்திட்டாங்க. காப்பிங் இன்னும் கிடைக்கல.