டெர்சியோபெலோ கடித்தால் தசையைக் காக்கும் முதலுதவி

கோஸ்டாரிகாவின் தாழ்நிலக் காடுகளில் வாழும் டெர்சியோபெலோ என்னும் குழிவிரியன் பாம்பின் நஞ்சிலுள்ள பாஸ்போலிப்பேஸ் ஏ2 வகைப் புரதங்கள், தசை இழைகளின் மேலுறையைச் சிதைத்துக் கால்சியத்தை உள்ளே பாயவிடுவதால், கடிபட்ட இடத்துத் தசை விரைவிலேயே அழியத் தொடங்குகிறது. ஆகவே, வீக்கம் ஏறுமுன் மோதிரம், கைக்கடிகாரம், காலணி ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, அக்கம்பக்கத்தார் எவ்வளவு வற்புறுத்தினாலும், கூடவே கூடாது. அது நஞ்சை அதே தசையில் தேக்குவதோடு இரத்த ஓட்டத்தையும் தடுத்துவிடும். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகக் கறுத்தால், சிதைந்த தசையிலிருந்து வெளியேறிய மயோகுளோபின் என்னும் தசைப் புரதம் காரணமாக இருக்கலாம் என்பதால், மருத்துவரிடம் உடனே சொல்லவும். கோஸ்டாரிகாவில் 1970இல் தொடங்கப்பட்ட கிளோடோமிரோ பிகாடோ நிறுவனம் தயாரிக்கும் நஞ்சுமுறி மருந்து உடலில் சுற்றும் நஞ்சை முறிக்குமேயன்றி, ஏற்கெனவே அழிந்த தசையை மீட்டுத் தராது.